பள்ளிக்கூடம் கொடுத்த பிறந்தநாள்

நல்லதம்பியின் தலையில் எண்பது கிலோ உருளைக்கிழங்கு மூட்டையை ஏற்றிவிட்டாலும் கழுத்து ஆடாது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் லாரி நிற்கும் இடத்திலிருந்து மண்டி வரைக்கும், நடுவில் மாடு, சாக்கடை, முட்டைக்கோஸ் இலைச் சறுக்கல் எல்லாவற்றையும் தாண்டி நூல் பிடித்தது போலப் போய்ச் சேருவான். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம் வந்தால் அவ்வளவுதான், கால் இரண்டும் கழன்றுவிடும். கெட்டவன் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, பெண்டாட்டி மேல் கை நீட்டியது கிடையாது. வேண்டிய நேரத்தில் வாய் திறக்காது, அவ்வளவே. ஒரு குடும்பத்தை நடுவில் பிளக்க அது போதுமா என்றால், போதும். தாராளமாகப் போதும்.

சொந்த ஊர் பச்சைமலை. மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பம். ஒரு நாளைக்கு இரண்டு பஸ்; மழை பிடித்தால் அதுவும் இல்லை. அத்தை மகள் வேணியைக் கட்டினான். அவள் பன்னிரண்டு பாஸ், இவன் எட்டோடு நின்றவன். இவனுடைய அக்கா மாரியாயி கல்யாணத்தன்றே சொன்னாள்:

"படிச்சவ ஒனக்கு எதுக்குடா? நாளைக்கு ஒன்னையே ஒக்கார வச்சு பரிச்ச வைப்பா."

தைப்பூசத்தன்று மத்தியானம், வண்டி மலை ஏறி வருவதற்குள், வீட்டிலேயே பெண் பிறந்தது. மாரியாயிதான் கொடி அறுத்தாள். முருகனுக்கு உகந்த நாள் என்று வள்ளிக்கண்ணு எனப் பெயர் வைத்தார்கள். பிறப்பைப் பதிவு செய்யக் கீழே இறங்க வேண்டும். போகலாம், போகலாம் என்று இருந்தார்கள். போகவில்லை.

குழந்தைக்கு நாலு வயது நடக்கும்போது வேணி திருச்சியில் நர்ஸ் படிப்பில் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தாள். மலையில் அப்பனும் மகளும்தான். அந்த ஆனி மாதம் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் வீடு தேடி வந்தார்.

"ஒன்னாங் கிளாசுக்கு ஒரு புள்ள கொறையுது நல்லதம்பி. எண்ணிக்க சேரலன்னா எங்கூட இருக்கிற டீச்சரக் கீழ மாத்திருவாங்க. ஒம்பொண்ண அனுப்பு."

"அதுக்கு இன்னும் வயசு வரலீங்களே சார்."

"வயச நான் பாத்துக்கறேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

ஹெட்மாஸ்டர் ஜூன் இரண்டாம் தேதி என்று எழுதினார். பிறப்பை ஏழு மாதத்துக்கு மேல் முன்னால் தள்ளிவிட்டார். அவர் கைக்கு வாகான தேதி அதுதான். அந்த வகுப்பில் ஏழு பிள்ளைகள் ஜூன் இரண்டில் பிறந்தவர்கள். படிவத்தின் அடியில் ஒரு வரி அச்சடித்திருந்தது: மேலே கண்ட பிறந்த தேதி சரியானது, பின்னாளில் இதை மாற்றக் கோர மாட்டேன். நல்லதம்பி அதைப் படிக்கவில்லை. கையெழுத்து அழகாக விழ வேண்டும் என்பதில்தான் அவன் கவனமெல்லாம் இருந்தது.

வேணி லீவுக்கு வந்தபோது சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வயித்துல இருக்கும்போதே பொறந்துட்டாளா? நல்ல ஸ்கூலு போங்க மாமா."

சிரித்ததோடு மறந்துவிட்டாள். மறக்கத்தானே செய்வாள்? பெற்றவளுக்குப் பெற்ற நாள் ஒன்றுதான். வீட்டில் பிறந்தநாள் என்றால் பூசம். ஜூன் இரண்டு என்பது ஆதார் அட்டைக்கும் மார்க் ஷீட்டுக்கும் உள்ள சங்கதி.

பிறகு மலையை விட்டு இறங்கித் திருச்சி மன்னார்புரத்தில் வாடகைக்கு வந்தார்கள். வேணி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழெட்டு வருடம் உழைத்தாள். அவன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். வள்ளிக்கண்ணு பத்தாவது முடித்த பிறகு, ஒரு ஏஜென்ட் மூலமாக வேணிக்கு அயர்லாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. நர்ஸ் வேலை இல்லை. கிழடுகளைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்துவிடும் வேலை.

"இங்க மாமியாருக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தல, சீமைக்குப் போயி வெள்ளக்காரக் கெழவிக்கு முதுகு தேய்க்கிறா" என்றாள் மாரியாயி. மாமியார் செத்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அது அவளுக்கு ஒரு பொருட்டில்லை.

மார்க்கெட்டில் கூட வேலை பார்க்கும் பிச்சைமுத்து நல்லதம்பிக்குப் புதுப் பெயர் வைத்தான். "என்ன அயர்லாந்து மாப்ள, இன்னும் சும்மாடுதான் கட்டுறீங்களா? கோட்டு சூட்டு வரலையா?" நல்லதம்பி சிரித்துக்கொள்வான். சிரிப்பதற்கு வாய் திறக்கும்.

அந்த நாட்டுச் சட்டம் இப்படி. இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதல் வருடம் குடும்பத்தைக் கூப்பிடக் கூடாது. வருடம் முடிந்தாலும், பிள்ளையையும் சேர்த்துக் கூப்பிடச் சம்பளம் ஒரு அளவைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த வேலைக்குக் கொடுக்கிற சம்பளமோ அந்த அளவைத் தொடவே தொடாது. கொடுக்கிறவனும் அவன், போதாது என்கிறவனும் அவன். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால் அது பிள்ளைக் கணக்கில் வராது. பெரிய ஆள், தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளட்டும்.

ஆக, வள்ளிக்கண்ணு பதினெட்டுக்குள் அம்மாவிடம் போய்ச் சேர வேண்டும். மூன்று பேரும் அதற்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் தினமும் காலேஜ் போகும்போது அம்மாவுக்குப் போன் போட்டு, பின்னலைக் காட்டி, "கோணலா இருக்கா?" என்று கேட்பாள். "இடது பக்கம் ஏறியிருக்கு, அவுத்துப் பின்னு" என்பாள் வேணி. அங்கே அப்போது விடிந்திருக்காது.

வேணி பார்த்துக்கொண்ட கிழவிகளில் ஒருத்தி, அந்த ஊர் எம்.பி.யின் தாய். எம்.பி. ஒரு பெண்மணி. அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம் வேணியிடம் நாலு வார்த்தை பேசுவாள். ஒருநாள், "உனக்கு என்ன குறை?" என்று கேட்டாள். வேணி சொன்னாள். "உன் மகளுக்கு எப்போது பதினெட்டு முடிகிறது?" என்று கேட்டாள். வேணி கொஞ்சமும் யோசிக்காமல், "ஜனவரியில்" என்றாள்.

எம்.பி. அம்மாள் பார்லிமென்டில் எழுத்து மூலமாகக் கேள்வி அனுப்பினாள். வேலைவாய்ப்பு மந்திரி, குடும்ப விசா என் துறை இல்லை, குடியேற்றத்துறை மந்திரியைக் கேட்கவும் என்று பதில் எழுதினார். குடியேற்றத்துறை மந்திரி, சம்பள அளவு வேலைவாய்ப்புத் துறையைப் பொறுத்தது என்று எழுதினார். மறுபடி கேட்டால், உறுப்பினருக்கு முன்பு அளித்த பதிலைப் பார்க்கவும். அந்த முன்பதிலைத் தேடி எடுத்தால், அது அதற்கு முந்திய பதிலைப் பார்க்கச் சொன்னது.

நல்லதம்பிக்கு இது மட்டும் நன்றாகப் புரிந்தது. "நம்ம தாலுக்கா ஆபீசு அங்கயும் ஒரு பிராஞ்சு தொறந்திருக்கு" என்றான்.

மே மாதம் நடுவில் எம்.பி. அம்மாள் நேருக்கு நேர் எழுந்து கேட்கப் போகிறாள் என்று சேதி வந்தது. பார்லிமென்ட் நடப்பதைக் கம்ப்யூட்டரில் அப்படியே பார்க்கலாம். மன்னார்புரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் கலீம், மூன்று பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். மாரியாயி மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். பிச்சைமுத்து வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வந்தான். சாயந்திரம் ஆறரை மணி. வள்ளிக்கண்ணு முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொன்னாள்.

"எங்கடி கோட்டை, கொத்தளம்? பேங்கு மாதிரில்ல இருக்கு" என்றாள் மாரியாயி.

"சும்மா இருங்கத்த, அவங்க எந்திரிச்சிட்டாங்க."

"கையில பேப்பர் இல்லாம பேசுது பாருங்க அண்ணே" என்றான் பிச்சைமுத்து. "நம்மாளு பேப்பர் இருந்தாலே கொட்டாவி விடுவான்."

வள்ளிக்கண்ணு சொல்லிக்கொண்டே போனாள். "'எங்கம்மாவுக்குத் தொண்ணூத்தோரு வயசு. தெனமும் காலைல அவங்களத் தூக்கிக் குளிப்பாட்டி, தலை சீவி விடுறது இந்தியாவோட தெக்குலேர்ந்து வந்த ஒரு பொண்ணு. என் அம்மா தலைய அவ சீவலாம். அவ மக தலைய சீவக் கூடாதுன்னு மந்திரி சொல்றாரா?'"

மாரியாயி எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தாள்.

"'அந்தப் புள்ளைக்கு வர்ற ஜனவரில...'" வள்ளிக்கண்ணு நின்றாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். நல்லதம்பி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லும்மா, நிறுத்திட்டியே" என்றார் கலீம்.

"'...ஜனவரில பதினெட்டு முடியுது. அதுக்கு முன்னாடி மாத்துவீங்களா, மாட்டீங்களா? ஆமான்னு சொல்லுங்க, இல்ல இல்லைன்னு சொல்லுங்க.'"

மந்திரி சுற்றி வளைத்தார். ஆய்வு என்றார், பரிசீலனை என்றார், பொருளாதாரம் என்றார். எம்.பி. அம்மாள் உட்காரவில்லை. சபாநாயகர் மணி அடித்தார். மணி அடித்த பிறகும் அவள் நின்றாள். கடைசியில் மந்திரி தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து சம்பள அளவைக் குறைக்கிறோம். அதற்குள் பதினெட்டு ஆகப் போகிற பிள்ளைகள் யாராவது இருந்தால் உறுப்பினர் பெயர் கொடுக்கட்டும், அவர்களை உடனே எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பிச்சைமுத்து விசிலடித்தான். மாரியாயி மருமகள் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கினாள். ஐந்து நிமிடத்தில் வேணி வீடியோவில் வந்தாள். அழுகிறாள், சிரிக்கிறாள், என்னவென்று தெரியவில்லை.

"மாமா, கேட்டீங்களா? எம்.பி. அம்மா நாலு புள்ளைங்க பேர இப்பவே குடுக்கப் போறாங்க. உன் மக பேரும் எழுதவான்னு என்னையும் கேட்டாங்க. அவசரமா இருக்கிறவங்க முன்னாடி போகட்டும், நமக்குத்தான் தை வரைக்கும் இருக்கேன்னு சொல்லிட்டேன்."

"ம்" என்றான் நல்லதம்பி.

எல்லோரும் போன பிறகு வள்ளிக்கண்ணு அடுப்படியில் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா. பாஸ்போர்ட்ல ஜூன் ரெண்டு."

"தெரியும்."

"இன்னும் பத்தொம்பது நாள்தாம்பா இருக்கு. அம்மாவுக்கு ஞாபகமில்ல. இப்பவே போன் போட்டு நம்ம பேரையும் அதுல எழுதச் சொல்லுவோம்."

"நீ சும்மா இரு. பார்லிமென்ட்ல அந்தம்மா இப்பதான் ஜனவரின்னு சொல்லியிருக்கு. நாளைக்கே ஜூன்னு போயி நின்னா பித்தலாட்டம்பான். பேப்பர்ல ஒன்னு, வாயில ஒன்னு இருந்தா மூணு பேர் பேரையும் கறுப்புல எழுதிருவான்னு ஏஜென்ட் சொல்லியிருக்கான்."

"அப்ப நான் சொல்றேன்."

"வாயத் தொறக்கக் கூடாது. நான் பக்குவமா சொல்லிக்கறேன். எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

அவள் பண்ணவில்லை. அவனே அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

பத்தொன்பது நாள் என்பது கொஞ்சமா? தினமும் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து வேணி பெயர் வரைக்கும் போவான். பிறகு பையில் போட்டுக்கொள்வான். தினமும் அவளே கூப்பிட்டாள். ஒருநாள், "என்ன மாமா, ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கே?" என்றுகூடக் கேட்டாள். கதவைத் திறந்து வைத்து, உள்ளே வா என்று அழைத்தது போல. "ஒன்னுமில்ல, நீ சாப்பிட்டியா?" என்றான். கலீமிடம் போய்ச் சொல்லிப் பார்த்தான். கலீம் பதறிவிட்டார்.

"அண்ணே, இன்னிக்கே சொல்லிருங்க. ஸ்கூல்ல சேக்கறதுக்காகப் போட்ட தேதின்னு ஒரு லெட்டர் போதும். நம்ம ஊர்ல பாதிப் பேர் அப்படித்தானே பொறந்திருக்கோம்? ஒக்காருங்க, நான் அடிச்சுத் தர்றேன்."

"நாளைக்கு வர்றேன் பாய்" என்றான்.

ஜூன் இரண்டாம் தேதி சாயந்திரம் அவன் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது வள்ளிக்கண்ணு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஹேப்பி பர்த்டே சொல்லுங்கப்பா" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

ஜூலையில் விண்ணப்பம் போனது. பாஸ்போர்ட் நகல் வேணியின் கைக்கும் வந்தது. வேலை முடிந்து வந்த அலுப்பில், மகள் படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அந்த முகத்தைத்தான் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருக்கிறதே, சரியாகச் சாப்பிடுவதில்லையோ என்று கவலைப்பட்டாள். பக்கத்தில் இருந்த எண் அவள் கண்ணில் படவில்லை.

செப்டம்பரில் பதில் வந்தது. வேணி சீருடையோடு வீடியோவில் வந்தாள்.

"மாமா, ஒங்களுக்குக் குடுத்துட்டான். பாப்பாவுக்கு இல்லைங்கறான். விண்ணப்பம் போட்ட அன்னிக்கே வயசு தாண்டிருச்சாம். ரெண்டு, ஆறுன்னு ஏதோ தேதி போட்டிருக்கான். யாரு தேதிய யாருக்கு மாத்திப் போட்டானோ..."

கண் இங்குமங்கும் ஓடியது. பிறகு நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"ஐயோ, ஸ்கூல் தேதி. மலையில போட்டது. மறந்தே போச்சே மாமா. நான் பெத்தது தையில, எனக்கு வேற எந்தத் தேதி ஞாபகம் இருக்கும்? ஒங்களுக்கும் மறந்துருச்சா?"

நல்லதம்பியின் வாய் அப்போது திறந்தது. திறக்கக் கூடாத ஒரே நேரத்தில் திறந்தது.

"ஆமா வேணி. எனக்கும் மறந்துருச்சு."

பின்னாலிருந்து வள்ளிக்கண்ணு வந்து போனை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"அப்பாவுக்கு மறக்கலம்மா. பார்லிமென்ட்ல பேசுன அன்னிக்கே நான் சொன்னேன். பத்தொம்பது நாள் இருந்துச்சு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் கையப் புடிச்சுத் தலையில வச்சுக்கிட்டாரு."

வேணிக்குப் பின்னால் யாரோ ஒரு கிழவி மணி அடித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"நல்லதம்பி" என்றாள்.

இருபது வருடத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அந்த நாலு புள்ளைங்களும் போன மாசமே வந்து எறங்கிருச்சு. நாந்தான் ஏர்போர்ட்டுக்குக் கூடப் போனேன். அஞ்சாவதா ஒரு பேர் எழுத அந்தம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு நிமிஷம்." அப்புறம் திரை அணைந்தது.

மறுநாளே நல்லதம்பி மலைக்கு ஓடினான். பழைய ஹெட்மாஸ்டர் இறந்துபோயிருந்தார். புதிதாக வந்த டீச்சர் பொறுமைசாலி. பரணிலிருந்து அந்த வருடத்துப் படிவத்தைத் தேடி எடுத்தாள்.

"இது ஒங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"தேதி சரி, பின்னாடி மாத்தக் கேக்க மாட்டேன்னு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க."

"எழுதுனது அவருங்க. நான் கையெழுத்து மட்டுந்தான்..."

"அது போதுங்க" என்றாள் டீச்சர். படிவத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

பிறப்புப் பதிவு ஆபீசுக்கு மாரியாயியை இழுத்துக்கொண்டு போனான். கிளார்க், வீட்டில் பிறந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டான்.

"நாந்தான்யா சாட்சி. இந்தக் கையாலதான் கொடி அறுத்தேன்."

"கைய ஸ்கேன் பண்ண முடியாது பாட்டி."

"பாட்டியா? ஒங்க ஆத்தாளக் கூப்பிடு பாட்டின்னு."

"தேதியாவது தெரியுமா?"

"பூசம். கெழங்கு புடுங்குற நேரம்."

கிளார்க் பக்கத்து சீட்டுக்காரனைப் பார்த்துச் சிரித்தான். கோர்ட்டுக்குப் போங்கள், இரண்டு மூன்று வருடத்தில் ஏதாவது ஆகும் என்றான். வெளியே வந்ததும் மாரியாயி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். வள்ளிக்கண்ணு பிறந்தபோது முதலில் கையில் ஏந்தியவள் அவள்.

"ஒனக்கு வாய்னு ஒன்னு எதுக்குடா வச்சான்? சோறு திங்க மட்டுமா?" அதற்குப் பிறகு பஸ் வரும்வரை அவள் அவன் நின்ற பக்கம் திரும்பவில்லை.

வேணி எம்.பி. அம்மாளிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அந்தம்மாள் நல்லவள், நம்பினாள். அக்டோபரில் இன்னொரு தடவை எழுந்தாள். இந்தத் தடவை மன்னார்புரம் வீட்டில் பஜ்ஜி இல்லை, கூட்டம் இல்லை. மகளின் போனில் அப்பனும் மகளும் மட்டும் பார்த்தார்கள். வள்ளிக்கண்ணு நியூஸ் வாசிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

"'அந்தப் புள்ளைக்கு உண்மையான வயசு பதினேழுதான். பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்காக மாத்திப் போட்ட தேதி அது. மந்திரி கருணை காட்டணும்'ங்கறாங்க." போன் சத்தத்தைக் கூட்டினாள். "இப்ப மந்திரி. 'சட்டத்துக்குத் தெரிஞ்சது பாஸ்போர்ட்ல இருக்கிற தேதி மட்டுந்தான். பெத்தவரே சரின்னு கையெழுத்துப் போட்ட தேதி. மே மாசம் இங்க வேற ஒரு தேதி சொன்னீங்க. இனிமே கண்ணீர்க் கதைகள இந்த அவைக்குக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி, அந்தக் கதையில வர்றவங்களுக்கு எத்தனை பிறந்தநாள்னு உறுப்பினர் எண்ணிப் பாத்துக்கிட்டா நல்லது.'"

போனிலிருந்து ஒரு சலசலப்பு வந்தது.

"அது என்னம்மா சத்தம்?" என்றான் நல்லதம்பி.

"சிரிக்கிறாங்கப்பா" என்றாள்.

எம்.பி. அம்மாள் உட்கார்ந்துவிட்டாள். மணி அடித்தும் உட்காராதவள், சிரிப்புக்கு உட்கார்ந்தாள். மறுவாரம் அவளுடைய தாயை வேறு ஒருத்தி குளிப்பாட்ட ஏற்பாடானது. வேணிக்கு ஒரு கடிதம் வந்தது, நாலே வரி. நீ ஜனவரி என்றாய், நான் நம்பி எழுந்து நின்றேன், இனி இந்த விஷயத்தை என்னால் எடுக்க முடியாது, உனக்கு என் வாழ்த்துகள். பொய்யே சொல்லாத ஒருத்திக்குப் பொய்க்காரி என்று பெயர் வந்தது இப்படித்தான்.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. நல்லதம்பிக்கு விசா வந்துவிட்டதே! யார் வாய் திறக்காமல் கெடுத்தானோ அவனுக்கு வழி திறந்திருந்தது. மூன்று மாதத்துக்குள் போய் இறங்க வேண்டும்.

"மூட்ட தூக்கவா ஏரோப்ளேன்ல போறீங்க?" என்றான் பிச்சைமுத்து. இந்தத் தடவை நல்லதம்பி சிரிக்கவில்லை.

வேணி போனில் சொன்னாள்: "வான்னும் சொல்ல மாட்டேன், வராதன்னும் சொல்ல மாட்டேன். வந்தா தனி ரூம் பாத்துக்க."

வள்ளிக்கண்ணு சொன்னாள்: "போயிட்டு வாங்கப்பா. நான் ஹாஸ்டல்ல சேந்துக்கறேன். ஒங்களுக்காவது பதினெட்டு தாண்டினது குத்தமில்ல."

அவன் போகவும் இல்லை. போகவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. பாஸ்போர்ட் அரிசி டின்னுக்குப் பின்னால் கிடந்தது. மார்கழி முடிவதற்குள் நாள் கடந்துவிட்டது.

தைப்பூசம் வந்தது. அன்றுதான் அவளுக்கு மெய்யாகவே பதினெட்டு முடிந்தது. வருடாவருடம் அன்றைக்கு மூன்று பேரும் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் இறங்கி, கொள்ளிடக் கரைக்குப் போவார்கள். சமயபுரத்து மாரியம்மன் ஆற்றங்கரைக்கு வருவாள். ஸ்ரீரங்கத்து ரங்கநாதர் அண்ணன் முறையில் தங்கச்சிக்குப் பட்டும் மாலையுமாகச் சீர் அனுப்புவார். சின்னதில் வள்ளிக்கண்ணு அதைப் பார்த்து, "எனக்குத்தானே பிறந்தநாளு, அவங்களுக்கு ஏன் சீர்?" என்று அழுவாள். நல்லதம்பி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடி வளையல் வாங்கித் தருவான். வேணி அயர்லாந்து போன பிறகும் அப்பனும் மகளும் தவறாமல் போனார்கள். சீர் வரும் நேரம் பார்த்து வேணி அங்கிருந்து கூப்பிடுவாள்.

அன்று காலையில் நல்லதம்பி தன் கையாலேயே கேசரி கிளறினான். அடி பிடித்துவிட்டது.

"கெளம்பும்மா. பூசம்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "யாருக்கு?"

"ஒனக்குத்தான். பதினெட்டு..."

"பதினெட்டு ஜூன்லயே முடிஞ்சிருச்சேப்பா. இந்த ஊரு கவர்மென்டும் சொல்லிருச்சு, அந்த ஊரு கவர்மென்டும் சொல்லிருச்சு. நீங்க கையெழுத்தே போட்டிருக்கீங்க. இன்னிக்கு எனக்கு ஒன்னும் கெடையாது. நீங்க போயிட்டு வாங்க."

தனியாகப் போனான். கொள்ளிடக் கரையில் நிற்க இடமில்லை. நாதஸ்வரம், தவில், தட்டுத் தட்டாகச் சீர் வருகிற நேரம் போன் அடித்தது.

"புள்ளகிட்ட குடு" என்றாள் வேணி.

"அவ வரல."

"நான் போட்டாலும் எடுக்க மாட்டேங்குறா. வாழ்த்து சொல்லக் கூட விட மாட்டேங்குறா."

நல்லதம்பி கூட்டத்தை விட்டு ஒதுங்கி ஒரு மரத்தடிக்குப் போனான். வாயைத் திறந்தான்.

"வேணி, தப்பு எம்மேல. அன்னிக்கே சொல்லியிருக்கணும். அவங்க பொய்யும்பாங்கன்னு பயம்னு புள்ளகிட்ட சொன்னேன். அது கூட பொய்தான். எல்லாரும் கொண்டாடிக்கிட்டு இருந்தாங்க, அதுல நான் ஒருத்தன் எந்திரிச்சு தேதி தப்புன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான். நாந்தான் கெடுத்தேன்."

அவன் ஆயுளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

"நல்லா பேசுற" என்றாள் வேணி. "இதுல கால்வாசி மே மாசம் பேசியிருந்தா, எம்புள்ள இப்ப எம்பக்கத்துல ஒக்காந்து தலை பின்னிக்கிட்டு இருந்திருக்கும்." டியூட்டிக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள்.

திரும்பும்போது பழக்க தோஷத்தில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினான். பச்சை நிறம். வீட்டில் கேசரி மூடியது மூடியபடி இருந்தது. ஓரத்தில் எறும்பு ஏறியிருந்தது. வள்ளிக்கண்ணு சுவரில் புதுக் காலண்டரை மாட்டிக்கொண்டிருந்தாள். ஜூன் இரண்டாம் தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாள்.

வளையல் பொட்டலத்தை நீட்டினான். அவள் பிரித்துப் பார்த்தாள். அளவு சரியா என்று ஒன்றை மட்டும் விரல் வரைக்கும் விட்டுப் பார்த்துவிட்டு, உருவி, மறுபடி காகிதத்தில் சுற்றினாள்.

"நல்லாருக்குப்பா. அலமாரில வைங்க. ஜூன் ரெண்டு அன்னிக்குக் குடுங்க, போட்டுக்கறேன். கேசரியும் அன்னிக்கே பண்ணுங்க. அம்மாகிட்டயும் சொல்லிருங்க, அன்னிக்குக் கூப்பிட்டா எடுப்பேன்னு. நீங்கதான் சொல்லணும்."

நல்லதம்பி ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் அதற்குள் எறும்பு மொய்த்த கேசரியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். பொட்டலத்தை எடுத்துப்போய் அலமாரியில் வைத்தான்.